ஏழாம் நம்பர் மெஷினில் ஒரு விளையாட்டு

எனக்கு யாரையும் எளிதில் நம்ப வராது. இதை என் மனைவி குறை என்பாள். நான் பல வருடம் இதைத் தகுதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. பஸ்ஸிலும் கடையிலும் கல்யாணப் பந்தியிலும் பக்கத்தில் இருப்பவருக்குப் புரியாது என்ற தைரியத்தில் அவரைப் பற்றியே பேசிச் சிரித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அப்படி வளர்ந்தவனுக்கு ஒரு வியாதி பிடிக்கும். பக்கத்தில் இரண்டு பேர் குரலைத் தாழ்த்தினால் போதும், பேச்சு நம்மைப் பற்றித்தான் என்று காது விறைத்துக்கொள்ளும்.

வியாதிக்கு ஏற்ற வேலையும் வாய்த்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள் அவை. திருப்பரங்குன்றம் போகிற ரோட்டில் ஒரு வீட்டு மாடியில் டேட்டா என்ட்ரி ஆபீஸ். கீழே முதலாளியின் குடும்பம், மேலே பத்து கம்ப்யூட்டர், அதற்கும் மேலே மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சாப்பாட்டு இடம். நான் சூப்பர்வைசர். முதலாளிக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூடுதல் இருக்கும். என்னை 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் ஞாயிற்றுக்கிழமையும் வந்து வேலை பார்த்திருக்கிறேன்.

வேலை இதுதான். இங்கிலாந்தில் நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் செத்துப்போனவர்களின் பெயர், வயது, ஊர் எழுதிய சர்ச் பதிவேடுகள் படம் படமாக எங்களுக்கு வரும். கோணல் மாணலான அந்தக் கையெழுத்தைப் படித்து டைப் அடித்து அனுப்ப வேண்டும். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். தன் பக்கத்தை வேறு யார் அடிக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பட்டியல் என் டிராயரில் பூட்டிக் கிடக்கும். அடித்த இரண்டையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டு, எங்கே மாறுகிறதோ அங்கே சிவப்புக் கோடு போடும். கோடு விழுந்த பக்கங்கள் எல்லாம் ஏழாம் நம்பர் மெஷினுக்குப் போகும். அங்கே இருப்பவர் மூலப் படத்தைத் திறந்து பார்த்து, யார் அடித்தது சரி என்று தீர்ப்புச் சொல்வார். இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பதால் அந்த மெஷினுக்கு மட்டும் பெரிய மானிட்டர் வாங்கிப் போட்டிருந்தோம்.

எங்களிடம் பெயரைவிட மெஷின் நம்பர்தான் புழக்கம். "மூணு இன்னும் வரலையா?", "எட்டு டீ குடிக்கப் போயிருக்கு" என்றுதான் பேச்சு. நான் ஒன்று.

ஏழில் இருந்தவர் இருபத்தேழு வயதுப் பெண். மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவரின் ஒரே மகள். ஞானஒளிவுபுரம் பக்கம் வீடு. அவர் தீர்த்துவைத்த பக்கம் ஒன்றுகூட இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்தது கிடையாது. அந்த வருடம் ஒரு மிஷன் கல்லூரியின் அலுவலகத்தில் கிளார்க் வேலைக்கு எழுதிப் போட்டு, நேர்காணலும் முடித்திருந்தார். எங்களிடமிருந்து ஒரு அனுபவச் சான்றிதழ், நன்னடத்தைக் குறிப்போடு, மார்ச் கடைசி வெள்ளிக்குள் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்த இடம் அவருக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். நிரந்தர வேலை. எங்கள் மாடியை நம்பிக் காலத்தைத் தள்ள முடியாது என்று எனக்கும் தெரியும். "அடிச்சுத் தாரேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை அவர் லீவு. அவர் வேலையைப் பார்க்க நான் ஏழில் உட்கார்ந்தேன். பக்கங்களைச் சேமிக்க இடமில்லை என்று மெஷின் முரண்டு பிடித்தது. எது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தேடிப்போனால், 'பழைய பேக்கப்' என்று பெயர் வைத்த ஒரு போல்டர். திறந்தேன். ஒரு விளையாட்டு.

சாதாரண விளையாட்டு இல்லை. பெரியவர்களுக்கு மட்டும் என்று முதல் திரையிலேயே சிவப்பு எழுத்தில் எச்சரித்தது. இரண்டு நிலா காய்கிற ஏதோ ஒரு தேசம். அங்கே மலைமேல் ஒரு கோட்டை. விளையாடுகிறவன் அந்தக் கோட்டைக்கு எஜமான். சந்தையில் போய் அடிமைகளை வாங்க வேண்டும், சுரங்கம், சமையல்கட்டு, காவல், அந்தப்புரம் என்று வேலைக்குப் பிரித்து விட வேண்டும், தேவையில்லை என்றால் விற்க வேண்டும். நடுநடுவே வந்த படங்களைப் பற்றி எழுதப்போவதில்லை. மனைவி குழந்தையோடு வாழ்கிறவன் அவற்றைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே நுழைவான். அப்படிப்பட்ட படங்கள்.

என்னை உலுக்கியது படங்கள் இல்லை. அடிமைகளுக்கு நாமே பெயர் வைக்கலாம். யாரோ விளையாடிச் சேமித்து வைத்திருந்த கோட்டையில் அடிமைகளின் பெயர் ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை இருந்தது. நாங்கள் பத்துப் பேரும் அங்கே இருந்தோம். நான் மேற்பார்வைக்காரனாக வைக்கப்பட்டிருந்தேன். எனக்கு நேராக 'விசுவாசம் 92' என்று எழுதியிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எங்கள் ஆபீஸ் பெண்களை இந்த மாதிரி ஒரு விளையாட்டுக்குள் கொண்டுபோய் அடைத்தவன் எவன் என்று, இல்லை, எவள் என்று, அன்றைக்கே கண்டுபிடித்துவிட வேண்டும் என்று துடித்தேன்.

சேமித்த கோப்புகளின் நேரத்தைப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று ஐந்து, ஒன்று இருபது, ஒன்று முப்பத்தைந்து. எல்லாமே மத்தியானம் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில்.

ஒரு மணிக்கு நாங்கள் எல்லோரும் மொட்டைமாடிக்குச் சாப்பிடப் போவோம். டிபன் பாக்ஸைத் திறந்து வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் குழம்பு இன்னொருவர் சோற்றில் விழ, அரைமணி நேரம் போகும். அந்த இரண்டு வாரமாக ஒரே ஒருவர்தான் சாப்பிட வராமல் கீழே தனியாக உட்கார்ந்திருந்தார். ஏழு.

அதன் பிறகு எனக்கு எல்லாமே சாட்சியாகத் தெரிந்தது. ஏன் சாப்பிட வரவில்லை என்று கேட்டால் ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் வயிறு சரியில்லை, ஒரு நாள் காலையில் லேட்டாகச் சாப்பிட்டேன் என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. நாளுக்கொரு காரணம் சொல்கிறவருக்கு உண்மையான காரணம் வேறு இருக்க வேண்டும். சாப்பாட்டை நிறுத்திய அந்தப் புதன்கிழமை நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்திருந்தார். மதுரையில் நெற்றியில் திருநீறு இல்லாதவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள், அதனால் அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது தோன்றியது. வேதக்கார வீட்டுப் பெண்ணுக்கு, சர்ச்சுக்குப் போகிறவருக்கு, எதற்குத் திருநீறு? வீட்டுக்குத் தெரியாமல் எந்தக் கோவிலுக்குப் போகிறார், யாரோடு போகிறார்? பாருங்கள், என் புத்தி எங்கெல்லாம் போயிற்று.

மறுநாள் வெள்ளிக்கிழமை அவர் வருவதற்கு முன்னால் மறுபடி பார்த்தேன். வியாழக்கிழமை தேதியிலும் ஒரு கோப்பு இருந்தது, ஒன்று இருபத்தைந்துக்கு. அவர்தான் லீவாயிற்றே! சாமானிய மனிதனாக இருந்தால் அங்கேயே நின்று யோசித்திருப்பான். நான் கெட்டிக்காரன். முந்தின நாள் இரண்டு பேர் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்கள் என்று ஞாபகப்படுத்திக்கொண்டேன். அவர்களில் ஒருவர் இவருக்கு உடந்தை. லீவு போட்டதே என் கண்ணைக் கட்டத்தான். அடிமைப் பட்டியலில் ஏழும் இருக்கிறதே என்றால், தன்னையும் சேர்த்துக்கொண்டால் சந்தேகம் வராது என்ற சாமர்த்தியம். இப்படி ஒவ்வொரு ஓட்டையாக நானே அடைத்தேன்.

விளையாட்டை என் மெஷினுக்குக் காப்பி செய்துகொண்டேன். விசாரணைக்கு என்று எனக்கு நானே பெயர் சொல்லிக்கொண்டேன். என் மெஷின் மூலையில் இருந்ததால் திரையை யாரும் பார்க்க முடியாது. அடுத்த நாலைந்து நாள் நான் செய்த விசாரணையில் கோட்டையில் ஐம்பது நாள் ஓடியது.

மாதாமாதம் நான் முதலாளிக்கு ஒரு தாள் எழுதிக் கொடுப்பேன். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி நிறை, ஒரு வரி குறை. அது பழகிப்போன கை என்பதால் விளையாட்டுக்கும் அதே மாதிரி ஒரு தாள் எழுதினேன். குற்றத்தின் தன்மையை முதலாளி புரிந்துகொள்ள வேண்டாமா?

நிறையாக நான் எழுதியதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதியது பொய்யில்லை. அந்த விளையாட்டைச் செய்தவர்கள் மனிதர்களை வேலை வாங்குவது எப்படி என்று நன்றாகத் தெரிந்தவர்கள். சவுக்கை எடுத்தால் அன்றைக்கு வேலை கூடும், மூன்றாம் நாள் பாதியாகிவிடும். காலையில் செய்த எதற்கும் பலன் சாயங்காலமே தெரியாது, சில நாள் கழித்துத்தான் வந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு காலையும் யோசிக்க வேண்டியிருந்தது. இரண்டு பேர் நெருக்கமாகிவிட்டால் பிரித்து வேறு வேறு வேலைக்குப் போட வேண்டும். எதிர்பாராத நாளில் ஒரு கிண்ணம் கஞ்சி கூடுதலாக ஊற்றினால் விசுவாசம் சட்டென்று ஏறும், தினமும் ஊற்றினால் ஏறாது. எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி, அடிமைகளில் ஒருவனை மேற்பார்வைக்கு உயர்த்துவது. அவனுக்குத் தனியாக ஒன்றும் கொடுக்க வேண்டாம். பெயருக்கு ஒரு பட்டம் போதும். மற்றவர்களைக் கண்காணிக்கிற வேலையை அவனே இழுத்துப் போட்டுக்கொள்வான்.

குறையும் எழுதினேன். படங்கள் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்து நல்ல ஆட்டத்தைக் கெடுக்கின்றன. அடிமைகள் ஒருவரோடு ஒருவர் பேசுவதே இல்லை. பத்துப் பேரை ஒரு இடத்தில் வைத்தால் புறணி பேசாமல் இருப்பார்களா? அவர்களுக்கு ஊர் இல்லை, அம்மா இல்லை, களைப்பு தவிர வேறு நோயும் இல்லை. நாற்பது நாளுக்கு மேல் எல்லாம் வெறும் எண்களாகிப் போரடிக்கிறது. கடைசியாக, அழுத்தி அடிக்கோடிட்டு ஒன்று எழுதினேன்: மேற்பார்வைக்காரன் தனக்குக் கீழே உள்ள எல்லோரையும் சந்தேகப்படுகிறான், எஜமானை மட்டும் ஒருநாளும் சந்தேகப்படுவதில்லை. இது நடைமுறைக்கு ஒவ்வாது. நிஜத்தில் மனிதன் அவ்வளவு முட்டாள் இல்லை.

அந்த வாரமே நான் மூன்றையும் எட்டையும் பிரித்து எதிரெதிர் மூலையில் உட்கார வைத்தேன். இரண்டு பேரும் ஒரே தெரு, சேர்ந்து வந்து சேர்ந்து போகிற சிநேகிதிகள். செவ்வாய்க்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் எல்லோருக்கும் உளுந்த வடை வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்குப் பக்கங்கள் கூடின. எனக்கு உள்ளூர ஒரு குஷி. வீட்டிலும் என் முகம் மாறியிருக்க வேண்டும். "ஆபீஸ்ல யாரு?" என்று மனைவி எங்கள் மொழியில் கேட்டாள். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்தும் கோட்டையை விடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு நாலு மணிக்கு வீடு வந்து சேர்ந்தவனிடம் அவள் வேறு எதைக் கேட்பாள்? என்னைச் சந்தேகப்படுகிறாளே என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

தாளை எடுத்துக்கொண்டு கீழே முதலாளியிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் தாளை வாங்கி மெதுவாகப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"நாப்பது நாளைக்கு மேல போரடிக்கும்னு எழுதிருக்க?"

"ஆமாண்ணே."

"அப்படியா..." என்று ஏனோ முகம் சுண்டிப்போனவராகத் தாளை மடித்தார். "யாருன்னு தெரியுமா மாப்ள?"

"நேரம் மத்தியானம் ஒண்ணுலருந்து ரெண்டுக்குள்ளண்ணே. அப்ப உள்ள இருக்கது ஏழு மட்டுந்தான்."

மடித்த தாளைச் சட்டைப் பைக்குள் செருகினார். பிறகு சொன்னார்: "அந்தப் பிள்ளையா? பாத்தா அப்படித் தெரியலையே. சரி மாப்ள, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். பொம்பளப் பிள்ள விஷயம். சத்தமில்லாம அனுப்பிரு. எம்புட்டு அமுக்கமா முடிக்கிறமோ அம்புட்டுக்கு எல்லாருக்கும் நல்லது."

எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்தேன். படியேறும்போது கண்கூடக் கலங்கியது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நான் மாடிக்குப் போகவில்லை. ஏழின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் கையில் சின்ன புத்தகம் ஒன்று இருந்தது. என்னைப் பார்த்ததும் மூடிப் பைக்குள் வைத்தார். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

"ஏன் சாப்பிடப் போகல?"

"வயிறு சரியில்ல சார்."

"நேத்து தலைவலின்னீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்த மெஷின்ல நீங்க என்ன செய்றீங்கன்னு எனக்குத் தெரியும். முதலாளிக்கும் தெரிஞ்சுபோச்சு. நீங்களா எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டா நல்லது."

"நான் என்ன சார் செஞ்சேன்?"

அதை ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? "அது உங்களுக்கே தெரியும்" என்றேன்.

"சத்தியமா எனக்குத் தெரியல சார்."

"தெரியாத மாதிரி இருந்தா எப்படி?"

மற்றவர்கள் மாடியிலிருந்து இறங்கி வருகிற சத்தம் கேட்டது. அவர் ஒரு தாளை எடுத்து இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுந்தவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்த சர்டிபிகேட் சார்? மாசக் கடைசி வெள்ளிக்குள்ள கேட்டிருக்காங்க." பார்க்கலாம் என்றேன். நன்னடத்தை என்று அவருக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். அவர் நாற்காலி முதுகில் கிடந்த துணிப்பையை எடுத்துக்கொண்டு போனார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் என்ன ஏது என்று கேட்கவில்லை.

மார்ச் கடைசிச் சனிக்கிழமை. மதியம் ஆட்கள் எல்லாம் போன பிறகு, இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு மெயிலைப் பார்த்தேன். வருடத்துக்கு இரண்டு தடவை வருகிற மெயில். நாளை முதல் எங்கள் ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறோம், உங்கள் மெஷின்களிலும் மாற்றிவிடுங்கள் என்று.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாங்கள் அடிக்கிற பக்கத்தில் மெஷினின் நேரம் தானாகப் பதியும். ஆரம்பத்தில் நம் ஊர் நேரத்தில் பதிந்த பக்கங்களை அவர்களுடைய கம்ப்யூட்டர் வாங்க மறுத்தது. அவர்கள் ஊரில் இன்னும் வந்தே சேராத நேரத்தில் வேலை முடிந்ததாக வந்தால் அது என்ன செய்யும்? அதனால் எங்கள் மெஷின்களின் கடிகாரத்தை எல்லாம் இங்கிலாந்து நேரத்துக்கு மாற்றிவைத்தோம். வைத்தவன் நான்தான். அக்டோபரில் கடைசியாக மாற்றினேன். டைப் அடிக்கிற திரை முழுக்க மூடிக்கொள்வதால் அந்தக் கடிகாரம் யார் கண்ணிலும் படாது. நேரம் பார்க்க எல்லோரும் சுவரைத்தான் பார்ப்போம்.

ஒன்றிலிருந்து வரிசையாக மாற்றிக்கொண்டு வந்து ஏழுக்கு முன்னால் உட்கார்ந்தேன். கடிகாரத்தைத் திறந்தேன். காலை ஒன்பது பத்து என்று காட்டியது. சுவரில் மணி இரண்டு நாற்பது.

ஐந்தரை மணி நேரம். மத்தியானம் ஒன்று இருபது என்றால் நம் ஊரில் சாயங்காலம் ஆறு ஐம்பது.

ஆறேகாலுக்கு நான் மாடியைப் பூட்டி, சாவியைக் கீழ் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். மறுநாள் காலையில் அங்கேதான் வாங்கிக்கொள்வேன். அதற்கு நடுவில் அந்தச் சாவி ஒருவர் கையில்தான் இருக்கும். பெரிய மானிட்டர் இருப்பது ஏழில். போரடிக்கும் என்றதும் சுண்டிப்போன முகம் கண்முன் வந்தது. அந்த நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அவமானம், பயம், இன்னதென்று பிரிக்க முடியவில்லை.

சான்றிதழை அடித்தேன். எத்தனை நல்ல வார்த்தை தெரியுமோ அத்தனையும் போட்டேன். டிராயரில் இருந்த ஆபீஸ் முத்திரையை எடுத்துக் குத்தி, கையெழுத்துப் போட்டு, பஸ் பிடித்து ஞானஒளிவுபுரம் போய்ச் சேரும்போது நாலரை மணி. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவருடைய அம்மா கதவைத் திறந்தார். ஆபீசிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் அந்த அம்மாவுக்குப் பரபரப்பு. உட்கார வைத்து டீயும் தட்டில் பிஸ்கட்டும் கொண்டுவந்தார். மகள் உள்ளறையிலிருந்து வந்து சுவரோரம் நின்றார். மெலிந்திருந்தார்.

"நீங்களும் டீ குடிங்க" என்றேன், என்ன பேசுவது என்று தெரியாமல்.

"அவ குடிக்க மாட்டா தம்பி" என்றார் அம்மா. "தபசு காலம்ல, ஈஸ்டருக்கு முந்தி நாப்பது நாளு. பெரிய வெள்ளி வரைக்கும் மத்தியானம் பச்சத்தண்ணி மட்டுந்தான், ராத்திரிதான் சாப்பாடு. வருசா வருசம் ஒருசந்தி இருப்பா. திருநீற்றுப் புதனுக்கு மாதா கோயில்ல சாம்பல் பூசிட்டு வந்தாள்னா ஆரம்பிச்சிருவா. வெளிய சொல்லவும் மாட்டா. சொல்லிக் காட்டுனா அது நோம்பே இல்லையாம். ஆபீஸ்லயும் வயித்துவலி அது இதுன்னு சொல்லிச் சமாளிச்சிருப்பாளே!"

அம்மா சிரித்துக்கொண்டே தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார். கடித்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்தேன். சான்றிதழை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கி, நின்றபடியே முழுவதும் படித்தார். சிவப்புக் கோடு விழுந்த பக்கத்தை அவர் படிக்கிற மாதிரியே, விரலை ஓட்டிப் படித்தார்.

"நல்லா எழுதிருக்கீங்க சார். ஆனா நேத்தோட முடிஞ்சுபோச்சு. வேற ஒருத்தர எடுத்துட்டாங்க."

"நான் வேணா வந்து பேசட்டுமா?"

"வேணாம் சார்." சான்றிதழிலிருந்து நிமிர்ந்து, "நான் என்ன செஞ்சேன்னு இப்பவாச்சும் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். அது என்ன மாதிரி விளையாட்டு என்பதை முழுங்கிவிட்டு, ஆகாத விளையாட்டு ஒன்று என்று மட்டும் சொன்னேன். மத்தியான நேரம், கடிகாரம், என் மறதி, எல்லாம் சொன்னேன். அவர் அழுவார் என்று பயந்தேன். அழவில்லை.

"ரெண்டு பேர் அடிச்சு ஒப்பிட்டுப் பாக்காம ஒரு பக்கத்தக்கூட நீங்க ஏத்துக்க மாட்டீங்களே சார்" என்றார். "செத்துப்போன வெள்ளைக்காரங்க பேருக்கே அம்புட்டுப் பாத்தோமே."

நான் டீ டம்ளரை மேசையில் வைத்தேன்.

"யாருன்னு தெரிஞ்சிருச்சா?"

"தெரிஞ்சிருச்சு."

"அவங்களையும் எழுதிக் கொடுத்துட்டுப் போகச் சொல்லிட்டீங்களா?"

அவர் சான்றிதழை மடித்து மேசையில் வைத்தார். அம்மா தண்ணீர்ச் சொம்போடு வந்தார். குடித்துவிட்டு எழுந்தேன்.

ஞாயிறு முழுக்க மனதுக்குள் வேலையை ராஜினாமா செய்துகொண்டிருந்தேன். முதலாளி முகத்துக்கு நேரே என்னவெல்லாம் கேட்பேன் என்று ஒத்திகை பார்த்தேன். திங்கட்கிழமை காலை கீழ் வீட்டு வாசலில் சாவிக்காக நின்றேன். அவரே கொண்டுவந்தார்.

"என்ன மாப்ள, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லண்ணே. வெயிலு."

சாவியை வாங்கிக்கொண்டு மேலே போனேன். யாரும் இன்னும் வரவில்லை. ஏழாம் மெஷினைப் போட்டு, அந்தப் போல்டரைத் திறந்து, கடைசியாகச் சேமித்த கோட்டையைப் பார்த்தேன். அடிமைகள் பட்டியலில் ஆறுக்கு அடுத்து எட்டு இருந்தது. ஏழாம் நம்பரைச் சந்தையில் விற்றாகிவிட்டது. முதல் வரியில், மேற்பார்வைக்காரன் என்ற பட்டத்துக்கு நேராக என் நம்பர். விசுவாசம் நூறு.

அங்கே இன்னும் மூன்று வருடம் வேலை பார்த்தேன்.